எழுபத்து மூன்று அண்ணன்மார்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒழுங்கானவன். துபாயில் இருபத்திரண்டு வருஷம் ஒரு பெரிய குடோனில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். பதினோராயிரம் ஐட்டம். எந்த நட்டு எந்த ரேக்கில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான், மகள் ஆன்ஸ்லினின் கல்யாணத்துக்குப் பதினெட்டே நாள் இருக்கும்போது சொந்தக்காரர்களையெல்லாம் தொலைத்துவிட்டேன் என்று கருங்கல் சந்தை வரைக்கும் பேசிச் சிரிக்கிறார்கள். அதில் நியாயமே இல்லை. தொலைத்தது ஒரு கம்ப்யூட்டர். அது ஒரு கேள்வி கேட்டது, நான் ஆமாம் என்றேன், அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு டிஜிட்டல் டயரி உண்டு. தொண்ணூற்றெட்டில் துபாயில் வாங்கியது. சட்டைப் பையில் அடங்கும். மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் சின்னத் திரை, மறுபக்கம் பொடிப்பொடியாக எழுத்துப் பொத்தான்கள். சொந்தபந்தம், சிநேகிதம் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய போன் நம்பரும் விலாசமும் அதில் இருந்தன. யாருக்காவது நம்பர் மாறினால் அன்றைக்கே மாற்றிவிடுவேன். யாராவது காலமானால் ஒரு வாரம் மரியாதைக்கு விட்டுவைத்து, பிறகு எடுத்துவிடுவேன். "இதையெல்லாம் போன்ல ஏத்தித் தாறேன்ப்பா" என்று ஆன்ஸ்லின் பத்து வருஷமாகச் சொல்கிறாள். நான் சம்மதிக்கவில்லை. மாதத்துக்கு ஒருவனாவது, போன் தண்ணீரில் விழுந்து நம்பரெல்லாம் போய்விட்டது என்று அழுகிறான். என் டயரிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பட்டன் பேட்டரி மாற்றினால் போதும்.

அதில் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்தில்தான் ஏற்ற வேண்டும். அண்ணன் முறை உள்ளவரை 'அண்ணன்' என்றே ஏற்றியிருந்தேன். பின்னே, பேரையா போடுவது? மூத்தவர்களைப் பேர் சொல்லி விளிக்கக் கூடாது என்று கன்னத்தில் ஒன்று வைத்துச் சொல்லித் தந்தவள் எங்கள் அம்மை. வாயால் சொல்லக் கூடாத பேரை எழுத மட்டும் கை வருமா? ஆக மொத்தம் எழுபத்து மூன்று அண்ணன், ஐம்பத்தெட்டு அக்கா, நாற்பத்தொரு மாமா. அதற்குப் பிறகு மாமிமார், சித்தப்பாமார், அத்தான்மார். எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும் என்று இளையவர்களையும் சிநேகிதர்களையும்கூட 'தம்பி', 'சிநேகிதன்' என்றே ஏற்றியிருந்தேன். இதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. அம்புக்குறிப் பொத்தானைப் பதினான்கு தடவை அழுத்தினால் குலசேகரத்து அண்ணன். முப்பத்தேழு தடவை அழுத்தினால் இனயத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிற அண்ணன். குடோனில் ரேக் நம்பர் நினைவு வைத்துக்கொள்வதுபோலத்தான்.

முதல் தடவை அழுத்தினால் வருகிறவர் என் கூடப்பிறந்த அண்ணன் யேசுரத்தினம். டயரி வாங்கிய அன்றைக்கு முதன்முதலாக ஏற்றியது அவரைத்தான். அவரைத் தாண்டித்தான் மற்ற எழுபத்திரண்டு அண்ணன்மாரிடமும் போக முடியும். ஒன்பது வருஷமாக அந்த இடத்தை மட்டும் வேகமாக அழுத்திக் கடந்துகொண்டிருந்தேன்.

காரணம் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகள் கல்யாணம். நான் அதற்கென்றே லீவு போட்டு வந்திருந்தேன். எங்கள் பக்கம் கல்யாணம் விளிப்பது என்றால் வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் சேர்ந்து, இல்லையென்றால் குடும்பத்து மூத்தவரைக் கூட்டிக்கொண்டு, நேரில் வர வேண்டும். உட்கார்ந்து ஒரு சாயா குடித்து, கார்டைக் கையில் தந்து, நாளும் நேரமும் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு என் அண்ணன் கார்டு அனுப்பியது பந்தல்காரன் கையில். அதுவும் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். அவன் வேறெங்கோ கம்பு இறக்கப் போகிற வழியில், வியர்வையில் நனைந்த கார்டை எங்கள் வீட்டு கேட்டில் சொருகிவிட்டுப் போனான். வண்டியைக்கூட நிறுத்தவில்லை. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. என் வீட்டிலிருந்து யாரையும் போகவிடவும் இல்லை. அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

இப்போது ஆன்ஸ்லினுக்குக் கல்யாணம். சேலைக்கோ நகைக்கோ அவள் வாய் திறக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, பெரியப்பா வந்து நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் துபாயில் இருந்தேன். அண்ணன் அப்போது கருங்கல் தக்கலை பஸ்ஸில் கண்டக்டர். ஐந்து வருஷம் தன் இருக்கையில் அவளை உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவர். அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நானூத்திப் பதினோரு பேருக்கு நானும் உன் அம்மையும் நேரில போவோம். மிச்சம் ஒராளுக்குப் பந்தல்காரன் கொண்டு குடுப்பான்."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. என் மனைவி சத்தியபாய் மூன்று நாள் எனக்கு உப்பில்லாத குழம்பு ஊற்றினாள். எனக்கும் உள்ளுக்குள் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது வருஷமாகக் கட்டிக் காப்பாற்றிய கோபத்தை அப்படிச் சட்டென்று இறக்கிவைத்துவிட முடியுமா?

கார்டு அடித்துத் தந்தது ஜான்ரோஸ். தக்கலையில் அச்சகம் வைத்திருக்கிறான், என்னோடு ஐந்தாம் வகுப்பு முதல் படித்தவன். கவர்களை எண்ணித் தரும்போது அவன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"லேய் மக்கா, நானூறு கவரு கையால எழுதினா ஒனக்க கை கழண்டுரும். லிஸ்ட கம்ப்யூட்டர்ல ஏத்தித் தா. பேரும் விலாசமும் ஸ்டிக்கரா அடிச்சுத் தாறேன். ஒட்டிக்கிட்டுப் போய்ட்டே இருக்கலாம்."

எனக்கு உடனே நினைவு வந்தது. டயரி வாங்கிய பெட்டியை நான் தெர்மோகோலோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்குள் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஒரு கேபிளும் ஒரு ஃபிளாப்பியும் உண்டு. இருபத்தைந்து வருஷமாகப் பிரிக்காத கவர். வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். ஜான்ரோஸ் கேபிளின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்பது கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற பட்டையான நுனி. அவனுடைய புதுக் கம்ப்யூட்டரில் அதற்கு ஓட்டையே இல்லை.

மார்த்தாண்டத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் "இது என்ன வயரு அண்ணாச்சி?" என்றார்கள். இரண்டாவது கடையில் இருந்தவன் கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். மூன்று பேரும் சேர்ந்து அதைப் போட்டோ எடுத்தார்கள். நான் என்ன கண்காட்சிக்கா வந்தேன்? மூன்றாவது கடைக்காரன், புதுப் போன் ஒன்று எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று எனக்கு அறிவுரை சொன்னான். அவனிடம் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் ஜான்ரோஸுக்கே ஞாபகம் வந்தது. அவன் அச்சகத்தின் பின்னறையில், பேப்பர் கட்டுகளுக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. ஒரு காலத்தில் கோயில் நோட்டீசெல்லாம் அதில்தான் அடித்தானாம். இரண்டு பேருமாக இழுத்து வெளியே எடுத்தோம். முதுகுப் பக்கம் பார்த்தால், அந்த ஒன்பது கம்பிக்கு அளவெடுத்தாற்போல ஒன்பது ஓட்டை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தப் பெட்டியை முத்தமிட்டிருப்பேன். தூசியைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பொத்தானை அமுக்கினால் ஜெனரேட்டர் போலச் சத்தம் போட்டுக்கொண்டு எழும்பியது. ஃபிளாப்பியை முதல் தடவை போட்டபோது படிக்க மாட்டேன் என்றது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். ஜான்ரோஸ் அதை வெளியே எடுத்துத் தன் வேட்டி நுனியால் துடைத்து, ஏதோ ஜெபம் போல முணுமுணுத்துவிட்டு உள்ளே தள்ளினான். கரகரவென்று இழுத்தது. படித்துவிட்டது! கேபிளின் ஒரு நுனியை டயரியில் செருகினேன், மறு நுனியைக் கம்ப்யூட்டரில். டயரியில் 'அனுப்பு' என்கிற இடத்துக்குப் போய் அழுத்தினேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு நீலக் கோடு நகர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்கள் ஏறுகிறார்கள். அண்ணன், அண்ணன், அண்ணன், அண்ணன். நானூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது. ஒரு ஆள் குறையவில்லை. இரண்டு பேரும் கைகொட்டிச் சிரித்தோம்.

"இரு, சாயாவும் ரசவடையும் வாங்கிட்டு வாறேன். இத கொண்டாடாம விடப்பிடாது" என்று ஜான்ரோஸ் வெளியே போனான்.

அவன் போகாமல் இருந்திருக்கலாம்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்டது. 'ஒரே பெயரில் பல பதிவுகள் இருக்கின்றன. கூடுதலாக உள்ளவற்றை நீக்கிவிட்டு இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆக்கிவிடலாமா?'

இதைப் படிக்கிறவர்கள் என் நிலையில் இருந்து யோசிக்க வேண்டும். நான் ஸ்டோர்கீப்பர். ஒரே ஐட்டம் இரண்டு இடத்தில் ஏறியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கூடுதல் பதிவைத் தேடித் தேடி அடிப்பதுதான் இருபத்திரண்டு வருஷம் நான் பார்த்த வேலை. என் டயரியிலேயே கூடுதல் பதிவா என்று எனக்கு முதலில் ரோஷம்தான் வந்தது. சரி, எங்கேயோ ஒன்றிரண்டை மறதியில் இரண்டு தடவை ஏற்றியிருப்பேன், சுத்தமாகிவிட்டால் நல்லதுதானே என்று 'ஆமாம்' மேல் கொண்டுபோய் அழுத்தினேன். நீலக் கோடு ஒரே ஓட்டமாக ஓடியது. இவ்வளவு வேகமா என்று எனக்கே ஆச்சரியம்.

ஜான்ரோஸ் சாயாவோடு வந்து திரையைப் பார்த்தான்.

"லேய், பத்தொம்பது பேருன்னு காட்டுது. கல்யாணத்துக்கு இவ்வளவு பேரு போதுமா?"

எழுபத்து மூன்று அண்ணன்மாரும் ஒரே பேராக இருக்கிறார்கள் என்று அந்தப் பெட்டி முதல் அண்ணனை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் நீக்கியிருந்தது. ஐம்பத்தெட்டு அக்காமாரில் ஓர் அக்கா. நாற்பத்தொரு மாமாவில் ஒரு மாமா. ஒரு மாமி, ஒரு சித்தப்பா, ஓர் அத்தான். இத்தனை வருஷமாக எங்கள் சபைக்கு வந்துபோன பதினொரு போதகர்களில் முதலாமவர் மட்டும் மிச்சம். அவர் நாலு மாதத்துக்கு முன்னால் கர்த்தரிடம் சேர்ந்துவிட்டார். அவரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் இருந்தார். அவசரமாகக் கேபிளைப் பிடுங்கி டயரியைத் திறந்தேன். அதிலும் பத்தொன்பதுதான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆக்கட்டுமா என்று அது ஒழுங்காகக் கேட்டுவிட்டுத்தான் செய்திருக்கிறது.

ரசவடை என் கையிலேயே ஊறிப் போனது.

வீட்டில் வந்து சொன்னதும் சத்தியபாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு திடீரென்று சிரிப்பு நின்றது. பதினெட்டு நாள்தான் இருக்கிறது, கல்யாண அறிவிப்பு ஓலையும் மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்தாகிவிட்டது, சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு ஒரு வீட்டை விட்டுவிட்டால் அது இரண்டு தலைமுறைக்கு நிற்கும். எனக்கு அது தெரியாதா? நானே அப்படிக் கோபத்தில் நிற்கிறவன்தானே!

மூன்று நாள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். நூற்று அறுபது பேர் ஞாபகம் வந்தார்கள். அதற்கு மேல் வரவில்லை. பொத்தானை எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று விரலுக்குத்தான் தெரிந்திருக்கிறது, மூளைக்குத் தெரியவில்லை. சத்தியபாய் தன் பக்கத்தில் எண்பது பேர் சொன்னாள். மிச்சம் நூற்றெழுபது பேர் காற்றில் நிற்கிறார்கள். அதில் எத்தனை பேர் என்னைப்போலக் கோபக்காரர்களோ!

ஆன்ஸ்லின் டயரியை எடுத்து அம்புக்குறியை அழுத்திப் பார்த்தாள்.

"ஒரே ஒரு அண்ணன்தான் இருக்கு. பெரியப்பா நம்பரு."

நான் டயரியை வாங்கி மூடினேன். சத்தியபாய் சொன்னாள்: "ஒங்க குடும்பத்துல எல்லா வீடும் தெரிஞ்ச ஆளும் அவரு ஒருத்தருதான். வேணும்னா ஒங்க ரோஷத்தப் பந்தல்ல கட்டித் தொங்கவிட்டு, அதுக்குப் பந்தி வையுங்க."

மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்தேன். சத்தியபாய் பின்னால் ஏறினாள். விளிக்கப் போகவில்லை, லிஸ்ட் கேட்கத்தான் போகிறோம் என்று அவளிடம் இரண்டு தடவை சொல்லிவைத்தேன். அவள் தலையாட்டினாள். அவள் கைப்பைக்குள் ஒரு கார்டு இருந்தது எனக்குத் தெரியாது.

அண்ணன் வீடு வில்லுக்குறியில். நாங்கள் போனபோது அவர் முற்றத்தில் சாக்கு விரித்துப் பலாச்சக்கை வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் பிசின். நரைத்திருந்தார், மெலிந்திருந்தார். என்னைப் பார்த்தார். கத்தி ஒரு நொடி நின்று, பிறகு நகர்ந்தது.

"வா" என்றார். அவ்வளவுதான்.

மதினி லீலாபாய் உள்ளே இருந்து ஓடிவந்து சத்தியபாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நாற்காலி போட்டாள். நான் விளிம்பில் உட்கார்ந்து, டயரியின் கதையைக் கேபிளில் ஆரம்பித்து ரசவடை வரைக்கும் சொன்னேன். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் சுளை எடுத்துக்கொண்டே கேட்டார். எழுபத்து மூன்று அண்ணனும் ஒன்றாகிப்போனதைச் சொன்னபோது அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று முகம் பார்க்க முடியவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது."

"ஒண்ணு கேக்கேன், நேரே சொல்லணும். நீ கல்யாணம் விளிக்க வந்தியா, லிஸ்ட் கேக்க வந்தியா?"

சத்தியபாய் என்னைப் பார்த்தாள். மதினி என்னைப் பார்த்தாள். என் நாக்கில் பாருங்கள், அந்த நேரத்திலும் என்ன வந்தது என்று.

"லிஸ்ட் கேக்கத்தான்."

அண்ணன் எழுந்தார். போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கையில் தேங்காயெண்ணெய் தேய்த்துப் பிசினைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் நீளமான ஒரு பழைய நோட்டு இருந்தது.

"எனக்க மவளுக்க கல்யாணத்துக்கு எழுதினது. ஒம்பது வருசத்துல போனவங்கள அடிச்சுட்டு, வந்தவங்கள சேத்துக்க. கொண்டு போ."

பிரித்தேன். முப்பத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவர் வேறு எப்படி எழுதுவார்? ரூட் ரூட்டாக, ஸ்டாப் ஸ்டாப்பாக எழுதியிருந்தார். முதல் ஸ்டாப் தோட்டியோடு, மாமா வீடு, முழு டிக்கெட் நாலு, அரை ரெண்டு. புலியூர்குறிச்சி, அக்கா வீடு, முழு மூணு. அழகியமண்டபம், சாமியார்மடம், இரவிபுதூர்க்கடை, மார்த்தாண்டம் என்று களியக்காவிளை வரைக்கும் போய், அடுத்த பக்கத்தில் கடற்கரை ரூட் பிடித்துக் கடியப்பட்டணம் வரைக்கும். பக்கம் பக்கமாக ஒரு வீடு விடாமல் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்படியே புரட்டி எங்கள் கருங்கல் ரூட்டுக்கு வந்தேன். கருங்கலில் ஆறு வீடு எழுதியிருந்தார். என் வீடு இல்லை. இன்னொரு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். இல்லவே இல்லை.

ஒன்பது வருஷக் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து தலைக்கு ஏறியது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணே, கருங்கல்ல தூரத்துச் சித்தப்பா வீட்டுக்கு முழு அஞ்சு போட்டிருக்கீங்க. எனக்க வீடு எங்க? அப்பமே எழுதல்ல, இல்லியா? நான் அதுக்குன்னு லீவு போட்டு வந்து வீட்டுல உக்காந்திருந்தேன். நீங்க பந்தல்காரன்கிட்ட குடுத்தனுப்புனீங்க!"

"ஒனக்க பேரு அதுல இல்ல" என்றார் அண்ணன். அவர் குரலும் உயர்ந்தது. "எனக்க பேரு இருக்கான்னு பாரு. ஒனக்க மதினிக்க பேரு இருக்கான்னு பாரு. கல்யாண வீட்டுக்காரனுக்கு எவன்லே கார்டு குடுப்பான்?"

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வில்லுக்குறி ஸ்டாப்பில் பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் இருந்தன. அவர் வீடு இல்லைதான்.

"முந்தின நாள் ஆனதும் நீ வரல்ல. பந்தல்காரன் உங்க வழிதான் போறேன்னான். அண்ணன் விளிக்கான், பருப்பு வாளி தூக்க ஆளில்ல, ஓடிவரச் சொல்லுன்னு அவன்கிட்ட சொல்லிவிட்டேன். சும்மா போறானேன்னு மதினிதான் வீட்டுல வைக்க ஒரு கார்டு குடுத்தா. அந்தப் பயல் சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல்ல" என்றேன். "கேட்ல சொருகிட்டுப் போனான்."

"அன்னைக்கு மண்டப வாசல்ல நின்னு பஸ்ஸு பஸ்ஸா பாத்தேன்லே. கடைசிப் பந்தி முடியிறது வரைக்கும் பாத்தேன். கூடப்பிறந்தவனுக்கு என்ன குறை வச்சேன்னு ராத்திரி முழுக்க ஒனக்க மதினிய கேட்டேன். பெறவு எனக்கும் கோவம் வந்துட்டுது."

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் நிற்கிற மனுஷனை நினைத்துப் பார்த்தேன். நான் அதே நேரத்தில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, என் மரியாதையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விருந்தாளி மரியாதைக்காக ஒன்பது வருஷம் சண்டை பிடித்திருக்கிறேன். என் அண்ணன் வீட்டில் நான் விருந்தாளியே இல்லை.

சத்தியபாய் கைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். முறையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இரண்டு பேருமாக அவர் முன்னால் போய் நின்றோம்.

"அண்ணே, வாற ஒம்பதாம் தேதி வியாழக்கிழமை காலைல பத்தரைக்கு நம்ம ஆன்ஸ்லினுக்குக் கல்யாணம். அண்ணனும் மதினியும் குடும்பமா" என்று ஆரம்பித்தவன் குரல் உடைந்து நிறுத்திவிட்டேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். "குடும்பமா முந்தின நாளே வந்து நின்னு நடத்தித் தரணும்."

"முந்தின நாளா?" என்றார் அண்ணன். "முந்தின நாளு வந்து நான் என்ன செய்ய, பாயசத்துக்கு உப்பு பாக்கவா? பதினாலு நாளு இருக்கு, நானூறு வீடு ஏறணும். நீ ஒத்தைக்கு ஏறுனா வழியில நாலு பேருகிட்ட சண்டை போட்டுட்டு வருவ. மேல ஒரு சட்டை போட்டுட்டு வாறேன், வண்டிய எடு."

"மொதல்ல இந்தக் கார்டப் பிடியுங்க."

"எனக்கு எதுக்குலே கார்டு?"

"நீங்க பிடிச்சாத்தான் நான் வண்டி எடுப்பேன்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் கார்டை வாங்கினார். பிரித்து, அச்சகத்தின் பேர் வரைக்கும் வாசித்தார். வாசித்து முடித்து மதினியிடம் கொடுத்து, வேதபுத்தகத்துக்குள் வைக்கச் சொன்னார்.

ஸ்டிக்கருக்குப் பேர் வேண்டுமே என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அண்ணனின் நோட்டிலும் மாமா, அக்கா, அத்தான்தான். பேரே இல்லை. அவரிடம் கேட்டேன். "மாமாவுக்கு என்னலே பேரு? மாமாதான்" என்றார்.

மதினி சிரித்துவிட்டாள். "பேரெல்லாம் நான் சொல்லுகேன். ஒங்களுக்கு என்ன, பிறந்ததுல இருந்து அண்ணன், மாமான்னு விளிச்சிட்டுத் திரிஞ்சீங்க. நாங்க வேற வீட்டுல இருந்து வந்து கேறினவங்க. யாரு யாருன்னு பேரு வச்சுப் படிச்சாத்தான் எங்களுக்குப் பொழைப்பு. ஏட்டி சத்தியபாய், நீ ஒரு பேனா எடு."

இரண்டு பேரும் சாக்கின் மேல் உட்கார்ந்தார்கள். சக்கைச் சுளையைத் தின்றுகொண்டே மதினி சொல்லச் சொல்ல, சத்தியபாய் எழுத ஆரம்பித்தாள். என் குலசேகரத்து அண்ணனுக்கு முழுப் பேர் சாலமோன் பொன்னுமுத்து என்று அறுபத்தோரு வயதில் எனக்குத் தெரியவந்தது.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அச்சகத்திலிருந்து வந்த நாள் முதல் என் ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்த கார்டுக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஏறினார். ஏறினதும் ஆன்ஸ்லினுக்குப் போன் போட்டார். நம்பர் அவருக்கு மனப்பாடம்.

"ஏட்டி மக்களே, பெரியப்பா பேசுகேன். ஒனக்க அப்பன் வண்டிலதான் இருக்கேன். நாங்க ரெண்டுவேரும் ஒனக்க கல்யாணம் விளிக்கப் போறோம். மத்தியானம் ரெண்டு பேருக்கும் சோறு வச்சிரு."

அந்தப் பக்கம் அவள் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நான் வண்டியைக் கிளப்பும் முன்னாலேயே, விசில்தான் இல்லையே தவிர, பழைய பழக்கத்தில் என் முதுகில் இரண்டு தட்டு தட்டி, "ரைட், தோட்டியோடு போ" என்றார்.

சத்தியபாய் அன்றைக்குப் பஸ்ஸில்தான் வீடு வந்து சேர்ந்தாள்.